வாளைக் கட்டிப் பறந்த ராக்கெட்: ஹைதர் அலியின் கதையும் கடலூர் - சிதம்பரம் போர்க்களமும்

பழைய பைக்கை ஸ்டார்ட் பண்ண பத்து உதை உதைக்க வேண்டியிருந்தால், அது 'ஐதர் காலத்து வண்டி' ஆகிவிடும். வீட்டில் இருக்கும் கிரைண்டர், தாத்தாவின் ரேடியோ, அரசு அலுவலக ஃபேன் எல்லாமே நம்ம ஊர் பேச்சில் ஐதர் காலத்துச் சாமான்கள்தான். 'அதரப் பழசு' என்ற சொல்லே 'ஐதர் பழசு' என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ஐதர், அதாவது மைசூரை ஆண்ட ஹைதர் அலி, தன் காலத்தில் உலகத்திலேயே புத்தம் புதிதாக இருந்த ஒரு ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தவர். இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்து, அதோடு ஒரு மூங்கிலையோ வாளையோ கட்டிப் பறக்கவிட்ட ராக்கெட் அது. இன்றைக்கு ட்ரோனில் கேமராவை எங்கே பொருத்துவது, மருந்து டேங்கை எப்படிக் கட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் இன்ஜினியர்களின் பிரச்சினை, 1780-ல் ஹைதரின் ராக்கெட் ஆட்களுக்கும் இருந்தது. பறக்கிற ஒன்றின் மேல் எடையை ஏற்றினால், அது நேராகப் போகுமா?

யார் இந்த ஹைதர்?

பிறந்தது இன்றைய கர்நாடகாவின் கோலார் மாவட்டத்தில் உள்ள புதிகோட்டையில், ஏறக்குறைய 1720-ல். சரியான ஆண்டில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. அப்பா பத்தே முகமது, ஆர்க்காடு நவாபின் படையில் மூங்கில் ராக்கெட் பிரிவில் 50 பேருக்குத் தலைவராக இருந்தவர். அந்த ராக்கெட்டுகள் பெரும்பாலும் சிக்னல் கொடுக்கத்தான் பயன்பட்டன. வானத்தில் ஒரு கோடு தெரிந்தால் புறப்படு, இரண்டு தெரிந்தால் நில் என்கிற மாதிரி. அப்பா ஒரு சண்டையில் இறந்தபோது ஹைதர் சின்னப் பையன்.

பள்ளிக்கூடம் போகவில்லை. கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபக சக்தி அபாரம். கணக்கு வழக்குகளை வாயால் கேட்டே மனதில் பதிய வைத்துக்கொள்வார், ஒரே நேரத்தில் பல பேர் சொல்வதைக் கேட்டு உத்தரவு போடுவார் என்று அவரைப் பார்த்த ஐரோப்பியர்களே வியந்து எழுதியிருக்கிறார்கள்.

அண்ணன் ஷாபாஸைப் பின்தொடர்ந்து மைசூர் படையில் சேர்ந்தவர், 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் மேலதிகாரிகளின் கண்ணில் பட்டார். அதன் பிறகு ஏறுமுகம்தான். மகன் பிறந்தபோது ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் என்ற சூஃபி ஞானியின் பெயரை வைத்தார். திப்பு சுல்தான் என்ற பெயரின் வேர் நம்ம ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டோடு அவருக்கு இன்னும் நெருக்கமான உறவு திண்டுக்கல்லில் தொடங்கியது. 1755-ல் அங்கே பவுஜ்தார், அதாவது படைத் தலைவரும் நிர்வாகியுமாக நியமிக்கப்பட்டார். பிரெஞ்சு ஆட்களை வைத்து பீரங்கியும் தளவாடமும் செய்யும் பட்டறை ஒன்றை அங்கேதான் ஏற்படுத்தினார். படை என்றால் ஆள் கூட்டம் மட்டுமல்ல, கருவிகளும் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளும்தான் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பின்னாளில் கணவரை இழந்து வந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கிடைத்ததும் திண்டுக்கல் வட்டாரத்தில்தான். 1780-ல் அவர் சிவகங்கையை மீட்டது ஹைதரின் உதவியோடு.

1761-ல் மைசூரின் அதிகாரம் முழுக்க ஹைதர் கைக்கு வந்தது. உடையார் ராஜா பெயருக்கு அரியணையில் இருந்தார். தனக்கு எதிராகத் திரும்பிய திவான் காண்டே ராவைத் தோற்கடித்து, கூண்டில் அடைத்து வைத்தார் என்கிறது பரவலாகச் சொல்லப்படும் கதை. இரக்கமும் கொடுமையும் ஒரே ஆளிடம் இருந்த காலம் அது.

மூங்கில் போய் இரும்பு வந்தது

தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குச்சியை உடைத்துவிட்டுப் பற்ற வைத்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டு மாடிக்கோ, நம்ம காலுக்கோதான் வரும். சின்ன வயதில் இந்த ஆராய்ச்சியைச் செய்து அடி வாங்காதவர்கள் குறைவு. குச்சி அலங்காரத்துக்கு இல்லை. பறக்கும்போது ராக்கெட்டின் மூக்கு கொஞ்சம் திரும்பினாலும், பின்னால் நீண்டிருக்கும் குச்சியின் மேல் காற்று மோதி அதை மறுபடி நேராக்கும். அம்பின் பின்னால் இறகு வைப்பதும் இதற்காகத்தான்.

அப்போது இருந்த ராக்கெட்டுகளின் உடல் காகிதம் அல்லது மூங்கில். உள்ளே மருந்து எரியும்போது அழுத்தம் கூடினால் குழாயே வெடித்துவிடும். அதனால் மருந்தை இறுக்கி அடைக்க முடியாது, தூரமும் போகாது. மைசூரில் செய்த மாற்றம், உடலை அடித்துத் தட்டிய இரும்புக் குழாயாக ஆக்கியது. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். வாயு இன்னும் வேகமாகப் பின்னால் பீறிடும், ராக்கெட் இன்னும் வேகமாக முன்னால் பாயும். ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போனதாகப் பதிவுகள் இருக்கின்றன. அன்றைய ஐரோப்பாவில் இதற்கு நிகராக எதுவும் இல்லை.

ஆனால் இரும்பு கனம். முன்பக்கம் கனத்தால் பின்பக்கம் அதற்கு ஏற்ற நீளம் வேண்டும். இங்கேதான் கட்டுமான வித்தை வருகிறது.

லண்டன் உல்விச் பீரங்கி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு மைசூர் ராக்கெட்டுகளைப் பெங்களூரு விஞ்ஞானி ரோத்தம் நரசிம்மா 1980-களில் ஆராய்ந்து எழுதினார். ஒன்றின் குழாய் 37 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். அது 1.9 மீட்டர் மூங்கிலோடு தோல் வாரால் கட்டப்பட்டிருந்தது. இன்னொன்று பெரிசு: 58 மில்லிமீட்டர் விட்டம், 25 சென்டிமீட்டர் நீளம். அதில் மூங்கில் இல்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான வாள் ஒன்று, அதே மாதிரி தோல் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

ஏன் ஆணி அடிக்கவில்லை, ஏன் தோல்? வெடிமருந்துக் குழாயில் ஓட்டை போட்டால் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். பதப்படுத்தாத தோலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஈரமாக இருக்கும்போது சுற்றிவிட்டால், காயும்போது சுருங்கித் தானாகவே இறுகிக்கொள்ளும். மத்தளம் செய்கிறவர்களுக்கு இது தெரியும். அதிர்ச்சியையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இன்றைக்கு ட்ரோன் கேமராவுக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் குமிழ்கள் செய்யும் வேலையில் பாதியை அன்று தோல் வார் செய்தது என்று சொல்லலாம்.

வாள் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பறக்கும் கருவி எந்த வேலைக்காகப் பறக்கிறதோ, அந்த வேலையைச் செய்யும் சுமைக்குப் பேலோடு என்று பெயர். ட்ரோனுக்குக் கேமரா பேலோடு, செயற்கைக்கோள் ராக்கெட்டுக்குச் செயற்கைக்கோள் பேலோடு. மைசூர் ராக்கெட்டில் வாள்தான் பேலோடு. அதே வாள்தான் நேராகப் போக வைக்கும் வாலும். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. எடையைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இதில் குறையும் இருந்தது. குச்சியோ வாளோ குழாயின் ஒரு பக்கமாகக் கட்டப்படுவதால், மொத்தத்தின் ஈர்ப்பு மையம் குழாயின் நடுக்கோட்டில் இருக்காது. உந்துவிசை ஒரு கோட்டில், எடை இன்னொரு கோட்டில். ஒரு பக்கம் மட்டும் பை மாட்டிய சைக்கிள் இழுப்பதைப் போல ராக்கெட் ஒரு பக்கம் இழுக்கும். மருந்து எரிய எரிய எடை குறைவதால் அந்த மையமும் நகர்ந்துகொண்டே இருக்கும். வாள் மூங்கிலைவிடக் குட்டை, கனம் அதிகம் என்பதால் அதன் பாதை இன்னும் தடுமாற்றமாக இருந்திருக்க வேண்டும். தனி ஆளைக் குறி பார்த்து அடிக்க இது உதவாது. நெருக்கமாக நிற்கும் காலாட்படை, மிரளும் குதிரைகள், மாட்டு வண்டிகள், வெடிமருந்துப் பெட்டிகள் ஆகியவற்றின் மேல் நூற்றுக்கணக்கில் விட்டால், தடுமாற்றமே பயங்கரம். தரையில் பட்டுச் சுழன்று எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரிக்கும் தெரியாது, விட்டவனுக்கும் தெரியாது.

ஹைதர் காலத்தில் ராக்கெட் ஆட்கள் சுமார் 1,200 பேர் இருந்ததாகச் சொல்கிறார்கள். திப்பு காலத்தில் அது 5,000 ஆனது. குழாயின் விட்டத்தையும் இலக்கின் தூரத்தையும் வைத்து எந்தச் சாய்வில் விட வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

காஞ்சிபுரத்தில் ஒரு காலைப்பொழுது

ஆங்கிலேயர்களோடு ஹைதரின் முதல் போர் 1769-ல் முடிந்தது. அவர் குதிரைப்படையோடு சென்னை வாசலுக்கே வந்து நின்றதால், கம்பெனி பயந்து உடன்படிக்கை செய்துகொண்டது. ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவ வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அடுத்த சில ஆண்டுகளில் மராத்தியர்கள் மைசூரைத் தாக்கினார்கள். கம்பெனி வரவில்லை. ஹைதர் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

1780 ஜூலையில் பெரும்படையோடு மலைக் கணவாய்கள் வழியாகத் தமிழகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஏறக்குறைய 4,000 பேர் கொண்ட படை சுற்றி வளைக்கப்பட்டது. சண்டையின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் பட்டது என்று ஒரு தரப்பும், பீரங்கிக் குண்டு என்று இன்னொரு தரப்பும் எழுதியிருக்கின்றன. எதுவாக இருந்தாலும் அந்த வெடிப்போடு எல்லாம் முடிந்தது. பெய்லி சிறைபிடிக்கப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே இறந்தார். சில மைல் தூரத்தில் பெரிய படையோடு இருந்த ஜெனரல் மன்ரோ, தன் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார்.

கடலூரில் மாட்டிய கூட்

நிலைமையைச் சரிசெய்ய வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்டவர் சர் அயர் கூட். வயதானவர், உடம்பு முடியாதவர், ஆனால் கெட்டிக்காரர். 1781 பிப்ரவரியில் அவர் கடலூர் வந்து சேர்ந்தபோது நிலைமை படுமோசம். நிலத்தில் ஹைதர் சூழ்ந்திருந்தார். கடலில் தோர்வ் என்பவரின் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள். கூட்டின் படைக்கு அரிசி வருவதானால் கடல் வழியாகத்தான் வரவேண்டும். இன்னும் சில வாரம் அந்தக் கப்பல்கள் நின்றிருந்தால், பட்டினியாலேயே கூட் சரணடைந்திருப்பார். ஹைதர் எவ்வளவோ கேட்டும் தோர்வ் பிப்ரவரி 15 அன்று நங்கூரத்தை எடுத்துக்கொண்டு மொரீஷியஸுக்குப் போய்விட்டார். தென்னிந்தியாவின் தலையெழுத்து கடலூர்க் கடலில் மாறிய நாள் என்று அதைச் சொன்னால் மிகையில்லை.

ஜூன் மாதம் கூட் தெற்கே கிளம்பினார். குறி சிதம்பரம். நடராஜர் கோயிலின் உயர்ந்த மதில்களை அந்த நூற்றாண்டில் ஒவ்வொரு படையும் கோட்டையாகத்தான் பார்த்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு முன்பே அதில் முகாமிட்டிருந்தார்கள். இப்போது ஹைதரின் காவல்படையும் தானியக் கிடங்கும் உள்ளே இருந்தன. ஜூன் 18 அன்று கூட்டின் ஆட்கள் வெளி ஊரைப் பிடித்துக் கோயில் வாசல்வரை போனார்கள். உள்ளே நுழைய முடியவில்லை. இழப்போடு திரும்பி, பரங்கிப்பேட்டைக் கரைக்கு ஒதுங்கினார்கள்.

செய்தி கேட்டதும் திருச்சி வட்டாரத்திலிருந்து ஹைதர் பாய்ந்து வந்து, கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவே படையை நிறுத்தினார். இன்றைக்குச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்று அந்தச் சாலையில் பத்தாயிரக்கணக்கான வீரர்களும், மேடு போட்டு நிறுத்திய பீரங்கிகளும். கூட்டிடம் இருந்தது சுமார் 8,000 பேர்.

1781 ஜூலை 1. கூட் நேராக மோதவில்லை. கடற்கரை ஓரம் மணல் மேடுகளுக்கு நடுவே ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்து, அதன் வழியாகப் பாதிப் படையை ஹைதரின் இடப்பக்கம் கொண்டுபோனார். கடலிலிருந்து ஒரு ஆங்கிலேயக் கப்பலும் சுட்டது. மாலைக்குள் ஹைதர் பின்வாங்க வேண்டியதாயிற்று. அவரது மைத்துனரும் தளபதியுமான மீர் அலி ரசா கான் படுகாயமடைந்து இறந்தார்.

புள்ளலூரில் வேலை செய்த தந்திரம் பரங்கிப்பேட்டையில் ஏன் வேலை செய்யவில்லை? புள்ளலூரில் எதிரி ஒரே இடத்தில் குவிந்து நின்றான், நடுவில் வெடிமருந்து வண்டி. பரங்கிப்பேட்டையில் எதிரி இரண்டாகப் பிரிந்து, மணல் மேட்டு மறைவில் நகர்ந்துகொண்டே இருந்தான். குறி தவறும் ஆயுதத்துக்கு நகரும் இலக்கு எப்போதுமே எமன்.

கஞ்சித் தொட்டி

ஹைதரை வெள்ளைக்காரனை விரட்டிய வீரர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது வசதி. ஆனால் வட ஆர்க்காட்டிலும் காவிரிப் படுகையிலும் அந்த ஆண்டுகளை வாழ்ந்த மக்களுக்கு அது வேறு கதை. கம்பெனிப் படைக்கு ஒரு பிடி நெல்லும் ஒரு மாடும் கிடைக்கக் கூடாது என்று ஊர்களை எரிக்க உத்தரவிட்டார் ஹைதர். ஏரிகளும் வாய்க்கால்களும் பாழாயின. தஞ்சைப் பகுதியிலிருந்து ஆட்களும் ஆடுமாடுகளும் கூட்டம் கூட்டமாக ஓட்டிச் செல்லப்பட்டன. சென்னைக்குள் அகதிகள் குவிந்து பஞ்சம் வந்தபோது, 1782-ல் மணியக்காரர் சத்திரம் கஞ்சி ஊற்றத் தொடங்கியது. ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

அதே 1782-ல் போரின் காற்று கொஞ்சம் ஹைதர் பக்கம் திரும்பியது. பிப்ரவரியில் திப்பு, கொள்ளிடக் கரையில் கர்னல் பிரெத்வெய்ட்டின் படையைச் சிறைபிடித்தார். பிரெஞ்சுப் படைகள் பரங்கிப்பேட்டையில் இறங்கின. ஏப்ரலில் கடலூர் அவர்கள் வசமானது. ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென், ஹைதரைக் கடலூர் அருகே நேரில் சந்தித்தார். சுஃப்ரென் பருமனான ஆள். தரையில் சம்மணமிட முடியாமல் அவர் தவித்ததைப் பார்த்து, ஹைதர் திண்டுகளை வரவழைத்து உட்கார வைத்தார் என்று ஒரு கதை உண்டு.

ஆனால் ஹைதரின் முதுகில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே முகாமில் இறந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். திப்பு அப்போது மலபாரில். அவர் வந்து சேரும்வரை மரணச் செய்தி வெளியே கசியாமல் அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். உடல் முதலில் கோலாரில் வைக்கப்பட்டு, பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு போகப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில் ஆங்கிலேயர்கள் கடலூரை முற்றுகையிட்டுப் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி கப்பலில் வந்ததும், சண்டை பாதியில் நின்றது.

வாள் விமானம் ஏறியது

1799-ல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் ராக்கெட்டுகள் உல்விச் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் தன் ராக்கெட்டைச் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அதில் பற்றி எரிந்தது. காங்கிரீவும் முதலில் குச்சியைப் பக்கவாட்டில்தான் மாட்டினார். மைசூர்க்காரர்களுக்கு இருந்த அதே தொல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் குச்சியை நடுவில் திருகி, அதைச் சுற்றி ஐந்து துளைகள் வழியாக வாயுவை வெளியேற்றினார். எடையும் உந்துவிசையும் ஒரே கோட்டுக்கு வந்தன. 1844-ல் வில்லியம் ஹேல், ராக்கெட்டைச் சுழலவைத்துக் குச்சியையே தூக்கி எறிந்தார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முதல் உலகப் போரில், 1916-ல், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லெ பிரியர் விமானத்தில் பொருத்தும் ராக்கெட் ஒன்றைச் செய்தார். ஜெர்மானியர்களின் வேவு பார்க்கும் பலூன்களைக் கிழித்து எரிப்பது நோக்கம். இரட்டை இறக்கை விமானத்தின் இறக்கைகளை இணைக்கும் கம்பங்களில் குழாய்கள் கட்டப்பட்டன. ஒவ்வொரு குழாயிலும் ஒரு ராக்கெட். அதன் பின்னால் நீண்ட மரக் குச்சி, மூக்கில் ஒரு முக்கோணக் கத்தி. துணி இறக்கை தீப்பிடிக்கும் அபாயத்தோடு விமானி செங்குத்தாகச் சாய்ந்து, 100 மீட்டர் சொச்சம் நெருங்கிப் போய் மின் பொத்தானை அழுத்த வேண்டும். மருந்து, குச்சி, கத்தி: ஹைதரின் ஆட்கள் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள்.

இன்று கடலூர் மாவட்ட வயல்களில் மருந்தடிக்கும் ட்ரோனைக் கவனித்தால், 10 லிட்டர் டேங்க் சரியாக நடுவில், கால்களுக்கு இடையில் இருப்பதைப் பார்க்கலாம். தெளிக்கத் தெளிக்க எடை குறையும், ஆனால் மையம் பக்கவாட்டில் நகரக் கூடாது. திரும்பும்போது திரவம் தளும்பி இழுக்காமல் இருக்கப் பல டேங்குகளின் உள்ளே தடுப்புகள் வைக்கிறார்கள். எரிய எரிய எடை மாறிய ராக்கெட்டின் பிரச்சினைதான், வேறு உருவத்தில்.

அப்துல் கலாம் 1963-ல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் உள்ள நாசா மையத்துக்குப் போனபோது, வரவேற்பறையில் மைசூர் ராக்கெட் போர் ஓவியத்தைப் பார்த்ததைத் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். 2018-ல் கர்நாடகாவின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், பாழடைந்த கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்கள் கிடைத்தன. மைசூர் ராக்கெட்டுகள்தான். அங்கே இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மூங்கிலையோ வாளையோ எப்படி வைத்து, எந்த முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள் என்று பார்க்க, இன்னமும் உல்விச்சுக்குப் போன அந்த இரண்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.